பாதிக் கடையின் உரிமையாளர்

மார்ச் 3

அண்ணா,

நீ என் பெயரில் ஒரு கடை நடத்துகிறாய். எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், மூன்று வருடமாக நடத்துகிறாய்.

இதை எழுதிய பிறகுதான் நலம் விசாரிக்க முடிகிறது. நீயும் அண்ணியும் சுகமா? நானும் குட்டியும் இருக்கிறோம். 'நலம்' என்று எழுத இன்று கை வரவில்லை.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய். "சாப்பிட்டியா பாப்பா, குட்டிக்குச் சளி எப்படி இருக்கு" என்று ஆரம்பிப்பாய், கடைசியில் நானே உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பேன். காகிதத்தில் அது நடக்காது.

நேற்று எங்கள் குடியிருப்பு மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். கூலிச் சம்பளம் தவிர வேறு வருமானம் இல்லாதவர்களுக்குத்தான் இந்தக் கட்டடத்தில் குறைந்த வாடகைக்கு அறை. அவர் மேஜையில் வரி அலுவலகத்திலிருந்து வந்த தாள் இருந்தது.

"ஏம்மா, ஆஸ்பத்திரியில துணி மடிக்கிறேன்னு சொல்லித்தானே அறை வாங்கினே? இங்க பார்த்தா பெரிய முதலாளியா இருக்கியே."

ஆள் மாறிப்போச்சு சார் என்று சிரித்தேன். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். என் பெயர். என் பிறந்த தேதி. உன் பட்டறை இருக்கும் தெரு, ஆனால் கதவு எண் வேறு. தொழில்: சோபாத் துணி, பஞ்சு வியாபாரம்.

மூன்று வருடம் முன்பு, அம்மா இறந்த வாரம், "கரண்டு மீட்டர் மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடு" என்று தாள்களை நீட்டினாய். அழுதுகொண்டே ஐந்தாறு இடத்தில் போட்டேன். ஒரு மீட்டருக்கு எதற்கு இத்தனை கையெழுத்து என்று கேட்க எனக்கு அன்று புத்தி இல்லை. அதுதானா இது?

ஜூன் முடிவதற்குள் கடை என்னுடையது இல்லை என்று வரி அலுவலகத்திலிருந்து எழுதி வாங்கித் தர வேண்டும். இல்லாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும். வெளியில் அறை எடுத்தால் என் சம்பளம் வாடகைக்கே போய்விடும். சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

உடனே பதில் போடு. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

பாப்பா


மார்ச் 19

அன்புத் தங்கச்சிக்கு,

இங்க எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் முதுகு பிடிச்சுக்கிச்சு. அதான் பதில் போட லேட்டு. குட்டிக்குச் சளி எப்படி இருக்கு?

கடை கடைன்னு எழுதியிருக்க. கடை இல்ல பாப்பா, பாதிக் கடை. நீ பார்த்த பட்டறைதான். நடுவுல பிளைவுட் தட்டி அடிச்சு ரெண்டாக்கியிருக்கேன். இடது பக்கம் சோபா செய்யிறது, என் பேர்ல. வலது பக்கம் துணி, பஞ்சு விக்கிறது, உறை தைக்கிறது, உன் பேர்ல. ரெண்டு கதவு, ரெண்டு போர்டு, ரெண்டு மீட்டர், ரெண்டு பில் புக்கு. தட்டியைக் கூரை வரைக்கும் அடிக்கல. இருக்கிறது ஒரே ஃபேன், ரெண்டு பக்கமும் காத்து வரணும்ல.

ஏன் பிரிச்சேன்னு கேப்ப. ஒரு வரம்பு வச்சிருக்காங்க. வருஷத்து வியாபாரம் அதுக்குள்ள இருந்தா தொல்லை கிடையாது. தாண்டினா மாசா மாசம் கணக்குக் காட்டணும், விலை மேல வரி போடணும். பெரிய ஷோரூம்காரன் போடுவான். என்கிட்ட வர்ற ஆளு ஆணிக்கே பேரம் பேசுறான், வரி போட விடுவானா? ரெண்டு தொழிலும் என் பேர்லயே இருந்தா ரெண்டையும் ஒரே தலையில கூட்டுவாங்களாம். தலை ரெண்டா இருந்தா தனித்தனி. இப்படித்தான் எனக்குப் புரிஞ்சுது. நம்ம அரைக்கண்ணாடியைக் கேட்டேன். அவர்தான் கணக்கு எழுதுறாரு. கண்ணாடி மூக்கு நுனியிலதான் நிக்கும், கீழ பாதியில கணக்கைப் பார்ப்பாரு, மேல பாதியில என்னைப் பார்ப்பாரு. அவரு சொன்னது பாதி விளங்குச்சு, பாதி விளங்கல.

இன்னொரு தலைக்கு எங்க போறது? உன் தலைதான் ஞாபகம் வந்துச்சு. உன் பேர்ல ஆரம்பிச்சது எதுவும் கெட்டதில்ல, அம்மா இருந்தப்பவே சொல்லும்.

அந்த மேலாளர்கிட்ட ஏதாவது சொல்லி வை. உனக்கு ஒரு குஷன் அனுப்பறேன்.

குட்டிக்கு முத்தம்.

அண்ணன்


மார்ச் 27

அண்ணா,

உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். குனிந்து ஆணி அடிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்து. அண்ணிக்குக் கண் மங்குகிறது என்று முன்பு போனில் சொன்னாயே, இப்போது எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைப் படிக்கும்போது நீ சொல்வது சரி என்று தோன்றுகிறது. மடித்து வைத்ததும் தப்பு என்று தோன்றுகிறது. அதனால் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரி அலுவலகத்துக்குப் போனேன். உங்கள் ஊருக்கும் சேர்த்து இங்கேதான் அலுவலகம். பயப்படாதே, உன் பெயரைச் சொல்லவில்லை. தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்கிறேன் என்றேன். விசாரணை ஜன்னலில் இருந்த அம்மாள் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு தாள்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆளு ரெண்டு தொழில் பண்ணலாமா மேடம்?"

"ரெண்டென்ன, ஒம்பது பண்ணட்டும். எல்லாத்தையும் கூட்டி ஒரே ஆளாக் கணக்குக் காட்டணும். ஒண்ணுல நஷ்டம் வந்தா இன்னொண்ணுல கழிச்சுக்கலாம்."

"அப்ப ஒரே தொழிலை ரெண்டு ஆளு பேர்ல..."

குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார். "அந்தத் தெரிஞ்சவரு உனக்கு என்ன வேணும்?"

நான் வந்துவிட்டேன்.

பெரிய ஷோரூம்காரன் பத்துக் கம்பெனி வைத்திருக்கிறான், அவனைக் கேட்க நாதியில்லை என்று நீ சொல்வாய். உண்மைதான். அவன் ஒளிந்துகொள்ள வக்கீல் வைத்திருக்கிறான், நீ என் பெயரை வைத்திருக்கிறாய். ஆஸ்பத்திரியில் நீராவிக்குள் நின்று நான் மடிக்கிற விரிப்புகளுக்கான கூலியில், என் கைக்கு வருவதற்கு முன்பே வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் யார் தலையைக் கடன் வாங்குவது?

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. என் பெயரில் இருக்கும் பாதிக் கடையில் வேலை செய்வது யார்? நீ இடது பக்கம் சோபா செய்கிறாய். வலது பக்கம்?

கடை என்னுடையது இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

பாப்பா


ஏப்ரல் 21

அண்ணா,

சுகமா? பதில் இல்லை. குஷன் மட்டும் வந்தது.

நல்ல தையல். ஓரம் மடித்த விதம், உள்ளே ஜிப் வைத்த விதம், எல்லாம் பல வருடம் தைத்த கை. குட்டி அதன் மேல்தான் தூங்குகிறாள். மூலையில் ஒரு துணிச்சீட்டு, அதில் கடைப் பெயராக என் பெயர். என் கடை எனக்கு அனுப்பிய முதல் வருமானம் என்று சலவைப் பிரிவில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நான் கேட்டது குஷன் இல்லை.

பாப்பா


மே 4

தங்கச்சிக்கு,

சுகமா? இங்க மழை. பஞ்செல்லாம் ஈரம் பிடிக்குது.

நீ கோவமா இருக்க. தெரியுது. நடந்ததைச் சொல்லிடறேன். இடது பக்கம் வரம்பை நெருங்கினா வலது பக்கம் பில் போடுவேன். சோபாவையே 'துணியும் பஞ்சும்'னு எழுதி உன் பக்கம் தள்ளிடுவேன். போன வருஷம் ஒரு பெரிய ஓட்டல்ல இருந்து ஆர்டர் வந்துச்சு. என் பக்கம் தாண்டிடக் கூடாதுன்னு என் பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். உன் பக்கம் எப்ப தாண்டுச்சுன்னு பார்க்கவே இல்ல. இப்ப என் கடை நஷ்டத்துல ஓடுது, உன் கடை லாபத்துல ஓடுது. காகிதத்துல நீ பணக்காரி, நான் உன்கிட்ட துணியும் பஞ்சும் வாங்கிக் கடன் வச்சிருக்கிற ஆளு. அரைக்கண்ணாடி தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. ஒரே பேர்ல இருந்திருந்தா அந்த நஷ்டத்தை இந்த லாபத்துல கழிச்சிருக்கலாமாம். எனக்கு இடது எது வலது எதுன்னே மறந்துபோச்சு பாப்பா.

ஆனா கவலைப்படாத. போன வாரம் ஆபீசர் வந்தாரு. நல்ல மனுஷன். டீ குடிச்சாரு, கடையைப் பார்த்தாரு, எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இனிமே நீ அந்த ஆபீசுப் பக்கம் போகாத. சொன்னா கேளு. போகாத.

அண்ணன்


மே 16

அண்ணா,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். போகாதே என்றாய், போனேன்.

எதிரில் இருந்தது உன் கடைக்கு வந்த அந்த ஆபீசரேதான். சின்ன வயசு, மேஜை நிறைய கோப்பு.

"யாரும்மா நீங்க?"

"அந்தத் துணிக்கடைக்காரி சார். அதாவது, இல்ல. அந்தக் கடைக்காரி நான் இல்லன்னு சொல்ல வந்திருக்கேன்."

"கடைக்காரியைத்தான் நேர்ல பார்த்துட்டேனே. வலது பக்க ரூம்ல மெஷின்ல உட்கார்ந்திருந்தாங்க. பஞ்சு அடர்த்தி, துணி விலை எல்லாம் கேட்டேன், பட்டுப் பட்டுன்னு பதில் வந்துச்சு. நல்லா நடத்துறாங்க."

என் அடையாள அட்டையை எடுத்து வைத்தேன். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போட்டோ உங்களை மாதிரி இல்லையே."

"எட்டு வருஷம் நீராவியில நின்னா யாரும் போட்டோ மாதிரி இருக்க மாட்டாங்க சார்."

"சரி. சோபாவுக்குப் போடுற பஞ்சு எத்தனை வகை?"

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன்.

"பாருங்க, அவங்களுக்குத் தெரிஞ்சுது, உங்களுக்குத் தெரியல" என்றார். நான் அதைத்தான் சொல்ல வந்தேன் என்றேன். அவர் என் அட்டையை நகல் எடுத்து வைத்துக்கொண்டார். யாரோ ஒரு கடைக்காரியின் அட்டையைத் தூக்கிக்கொண்டு நான் வந்திருக்கிறேன் என்று சந்தேகப்படுகிறார். கடை இருக்கிறது, கடைக்காரி இருக்கிறாள், நான்தான் இல்லை. பேருந்தில் அட்டையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் எனக்கே குழப்பமாகிவிட்டது.

மெஷினில் உட்கார்ந்திருந்தது யார்?

முதுகு தேவலையா?

பாப்பா


மே 29

அன்புள்ள பாப்பாவுக்கு அண்ணி எழுதுறது. நீயும் குட்டியும் நல்லா இருக்கீங்களா? உங்க அண்ணன் பஞ்சு வாங்கப் போயிருக்காரு, அதான் எழுதுறேன். கண்ணு எப்படின்னு கேட்டவ நீ ஒருத்திதான். ஊசியில நூல் கோக்கத்தான் கஷ்டம். மத்தபடி கைக்கே தெரியும்.

நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

முந்தின நாளே உங்க அண்ணன் சொல்லிட்டாரு. "ஆபீசர் வந்தா நீதான் பாப்பா. பேர் கேட்டா அவ பேர், பிறந்த தேதி கேட்டா அவ தேதி." அடுப்படியில நின்னு மனப்பாடம் பண்ணேன். வந்த ஆளு தேதியைக் கேட்கவே இல்ல, வேலையைக் கேட்டாரு. அதுக்கு எதுக்கு மனப்பாடம்? சொல்லிக்கிட்டே போனேன். மேல பார்த்துட்டு, "இந்த ஃபேன் எந்தக் கடையோடது?"ன்னாரு. உங்க அண்ணனுக்கு வேர்த்து ஊத்துது. "கரண்டு அவரோடது, காத்துல பாதி என்னோடது சார்"னேன். சிரிச்சிட்டாரு.

போகும்போது, "அப்ப உரிமையாளர் நீங்கதான்?"னு கேட்டாரு. ஆமான்னேன்.

கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து வெட்டுறேன், தைக்கிறேன், வர்றவங்ககிட்ட விலை பேசுறேன். இந்தத் தட்டி அடிக்கிறதுக்கு முன்னாடியும் நான்தான், அடிச்ச பிறகும் நான்தான். ஒருத்தரும் அந்த வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னதில்ல. பொய்னு தெரியும். ஆனா சொல்லும்போது வாய்க்கு நல்லா இருந்துச்சு. உன் பேரை எடுத்துக்கிட்டேனேன்னு தோணவே இல்ல. அது இப்பத்தான் தோணுது.

அரைக்கண்ணாடிகிட்ட ஒரு நாள் கேட்டேன், என் பேர்ல வச்சிருக்கக் கூடாதான்னு. "அப்படியே செய்யுங்கன்னுதான்மா நானும் சொன்னேன். அவருதான் வேண்டாம்னுட்டாரு"ன்னாரு. உங்க அண்ணன்கிட்ட ஏன்னு நான் கேட்டுக்கல.

இது வந்ததைக் காட்டிக்காத. குட்டியோட அளவு அனுப்பு. நல்ல துணி மிஞ்சியிருக்கு, ஒரு கவுன் தைக்கிறேன்.

அண்ணி


ஜூன் 4

அன்புள்ள அண்ணி,

கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். கைக்குத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போயிற்று. உங்கள் மேல் படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நீங்கள் என் பெயரை எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் உழைப்பை என் பெயர் எடுத்துக்கொண்டது. நாம் இரண்டு பேரும் ஒருத்தரிடம் ஒருத்தர் திருடியிருக்கிறோம், கதவைத் திறந்துவிட்டவன் இடது பக்கம் உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் எனக்கு அறை வேண்டும் அண்ணி. 'கடையில் இருந்தது நான்தான், பாப்பா இல்லை' என்று நீங்கள் எழுதித் தந்தால் போதும். யோசித்துச் சொல்லுங்கள். சீக்கிரம் யோசியுங்கள்.

குட்டியின் அளவு இப்போது வேண்டாம்.

பாப்பா


ஜூன் 13

தங்கச்சிக்கு,

சுகம். சுகம் அறிய ஆவல்.

அண்ணி உனக்கு எழுதினது தெரியும். டிராயர்ல ஒரு தபால்தலை குறையுது. நீ பதில் போட்டதும் தெரியும். அது என் கையிலதான் கிடைச்சுது. அவகிட்ட கொடுத்துட்டேன், கிழிச்சுப் போடலை. அந்த அளவுக்கு மோசமானவன் இல்ல நான்.

நீ போய் உண்மையைச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? ரெண்டையும் கூட்டுவாங்க, மூணு வருஷத்துக்கும். அபராதம் போடுவாங்க. கடையை மூட வேண்டியதுதான். ஆள்மாறாட்டம்னு கேஸ் வந்தா அவ மேலதான் வரும், என் மேல இல்ல. நான் ஆபீசர்கிட்ட வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. எல்லாம் அவதான் சொன்னா.

அவ பேர்ல ஏன் வைக்கலன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருப்பீங்க. அதுக்குக் காரணம் இருக்கு. நேர்ல வரும்போது சொல்றேன்.

அறை போனா இங்க வந்துடு. உன் கடையில நீ வந்து இருக்க யாரைக் கேட்கணும்?

அண்ணன்


ஜூன் 18

அன்புள்ள அண்ணி,

இதை அண்ணன் பிரிப்பான். பிரிக்கட்டும். படித்துவிட்டு உங்களிடம் கொடுக்கட்டும். இரண்டு பேருக்கும் இருமல் சளி இல்லாமல் இருக்கட்டும்.

ஆபீசர் 26ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கும் தாள் வரும், என் பெயரில். அதைப் பார்த்துவிட்டு உள்ளே வைக்காதீர்கள். உங்கள் சொந்த அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். வண்டிச் செலவு நான் தருகிறேன். அபராதம் போட்டால், மாதா மாதம் என் சம்பளத்திலிருந்து பாதி நான் கட்டுகிறேன். இதை அண்ணன் முன்னாலேயே எழுதுகிறேன்.

காரணம் இருக்கிறதாம், நேரில் சொல்வானாம். என்ன காரணம் என்று நீங்கள் இப்போதே கேளுங்கள். கடை உங்கள் பெயரில் இருந்தால் ஒரு நாள் நீங்கள் 'இது என் கடை' என்று சொல்லிவிடுவீர்கள். நான் தூரத்தில் இருப்பவள், சொல்ல மாட்டேன். இதைத் தவிர வேறு காரணம் இருந்தால் எனக்கும் எழுதச் சொல்லுங்கள்.

வருவீர்களா? ஒரு வரி போதும்.

பாப்பா


ஜூன் 26

அண்ணி,

வரி அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றே விரைவுத் தபாலில் போடுகிறேன், நாளை கிடைத்துவிடும். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், நலமில்லாமல் இருந்தால் அண்ணன் அதைக் காரணமாக எழுதியிருப்பான்.

காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் சாயலில் யாராவது வரும்போதெல்லாம் எழுந்து நின்றேன். குண்டூசி அம்மாள் ஒரு தடவை தண்ணீர் கொடுத்தார். "தெரிஞ்சவரு வரலையா?" என்று கேட்டார். குத்திக் கேட்டாரா, பரிதாபப்பட்டாரா என்று தெரியவில்லை.

ஆபீசர் கெட்டவர் இல்லை. "ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நில்லுங்கம்மா, அஞ்சு நிமிஷ வேலை. தனியா வந்தா யாரை நம்புறது?" என்றார். திங்கள்கிழமைதான் கடைசி. அன்றுதான் ஜூனும் முடிகிறது.

நேற்று மேலாளர் என் அறையைக் காட்ட ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தார். நான் உள்ளே இருக்கும்போதே. அந்தப் பெண் என் வயசுதான். ஜன்னலைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள், பிறகு என்னிடமே கேட்டாள்: "தண்ணி எப்ப வரும்க்கா?" காலையில் வரும், சாயங்காலம் சில நாள் வராது என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். குட்டி தன் பாடப்புத்தகங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவர்கள் போகும்வரை கீழே வைக்கவில்லை.

உங்களைக் கூப்பிடுவது உங்களுக்கு நல்லது இல்லை என்று எனக்குத் தெரியும். அபராதம் உங்கள் மேல் விழலாம், வீட்டில் அண்ணன் உங்களோடு பேசாமல் இருக்கலாம், தட்டிக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். தெரிந்துதான் கூப்பிடுகிறேன். எனக்கு வேறு யாரும் இல்லை.

திங்கள் காலை வாசலில் நிற்பேன். வந்து அந்த ஆபீசர் முன்னால் என் பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், என்னுடையதை அல்ல. வேலை யாருடையது என்று சொல்லுங்கள். அண்ணன் கூட வந்தால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வாருங்கள் அண்ணி.